வாசல்வரை அனுமதி

2019 டிசம்பர் 29, மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சென்னை பெசன்ட் நகர்த் தெருக்களில் காலையில் சிலர் கோலம் போட்டார்கள். பெரும்பாலும் பெண்கள். வழக்கமான கோலம்தான், வழக்கமான வெள்ளை மாவுதான். கூடுதலாக இருந்தது சில எழுத்துகள் மட்டும். குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம், தேசியக் குடிமக்கள் பதிவேடு வேண்டாம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள். போலீஸ் வந்தது. கோலம் போட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு சமுதாயக் கூடத்தில் வைத்தது. அவர்களைப் பார்க்கப் போன வழக்கறிஞர்களையும் அங்கேயே உட்கார வைத்தது. பிறகு விட்டுவிட்டது.

அனுமதி இல்லாமல் கூடினார்கள் என்பது போலீஸ் சொன்ன காரணம். தன் வீட்டின் முன் கோலம் போட்டதற்கு ஒரு முதியவர் ஆட்சேபம் தெரிவித்தார் என்றும் சொன்னார்கள். சில நாளில் மாநகரக் காவல் ஆணையரே செய்தியாளர்களை அழைத்து, கோலம் போட்டவர்களில் ஒருவருக்குப் பாகிஸ்தானோடு தொடர்பு இருக்கிறதா என்று விசாரிப்பதாகச் சொன்னார். முகநூல் பக்கத்தில் எழுதியிருந்த ஒரு வரிதான் ஆதாரம். கோலமாவிலிருந்து பாகிஸ்தான்வரை போக மூன்று நாட்கள்தான் ஆயின.

அடுத்த நாளே கோலம் ஊர் முழுக்கப் பரவியது. மு.க.ஸ்டாலின் வீட்டு வாசலில், கனிமொழி வீட்டு வாசலில், கோபாலபுரத்தில் கருணாநிதி வாழ்ந்த வீட்டு வாசலில் எல்லாம் அதே எழுத்துகளோடு கோலம். கட்சி மகளிர் அணியினர் போட்டார்கள், மாணவிகள் போட்டார்கள், எந்தக் கட்சியிலும் இல்லாத பெண்களும் போட்டார்கள். அந்த வாரத்தில் தமிழ்நாட்டில் எத்தனை வாசல்களில் 'வேண்டாம்' என்ற சொல் விழுந்தது என்று யாரும் எண்ணியிருக்க முடியாது.

இந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பொதுவாகச் சிரித்துக்கொள்கிறோம். கோலத்தைப் பார்த்துப் பயந்த போலீஸ் என்று கேலி செய்கிறோம். அந்தக் கேலி நியாயமானது. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் ஒரு முக்கியமான கேள்வியைத் தவறவிடுவோம். ஒரு தெருவில் என்ன எழுதலாம், யார் எழுதலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? அந்த முடிவில் பெண்களுக்கு என்ன இடம்?

அதே ஆண்டு, அதே நகரம். 2019 செப்டம்பர் 12. பல்லாவரம் – துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் பள்ளிக்கரணை அருகே 23 வயதுப் பெண் மென்பொருள் பொறியாளர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். சாலை நடுவே வரிசையாகக் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் பேனர்களில் ஒன்று அவர்மேல் விழுந்தது. நிலைகுலைந்து சாலையில் விழுந்தவர்மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அப்போதைய ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் வீட்டுத் திருமணத்துக்கு வைத்த பேனர் அது. அனுமதி வாங்காமல் வைத்தது. சாலையோரங்களில் பேனர் வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரிலேயே தடை போட்டிருந்தது. அந்தத் தடைக்குப் பிறகும் ஊரெங்கும் பேனர் நின்றது. அவற்றைக் கட்டியவர்களை யாரும் விடியற்காலையில் பிடித்துக்கொண்டு போகவில்லை.

அந்தச் சாலையிலிருந்து என் வீடு அதிக தூரமில்லை. கல்லூரிக்கு நான் தினமும் ஸ்கூட்டரில் போகிற வழி அது. மரணம் நடந்த மறுநாள் காலை அந்தச் சாலையில் ஒரு பேனர்கூட இல்லை. இரவோடு இரவாக எல்லாவற்றையும் அகற்றிவிட்டார்கள். ஓர் இரவில் அகற்ற முடிகிற பொருளை ஓர் ஆண்டாக ஏன் அகற்றவில்லை என்று கேட்க அங்கே யாரும் இல்லை. மூன்று வாரம் கழித்து, மாமல்லபுரத்தில் மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்திக்கப் போகிறார்கள் என்பதால் வரவேற்பு பேனர் வைக்க அனுமதி கேட்டு மாநில அரசே உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அனுமதியும் கிடைத்தது.

இதற்கும் முன்பு, 2017 நவம்பரில், கோவையில் இதேபோல ஒரு மரணம். எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்காகச் சாலையில் கட்டிய அலங்கார வளைவின் கட்டைகளில் இருசக்கர வாகனம் மோதி ஓர் இளைஞர் இறந்தார். அதன்பின் அந்தச் சாலையிலேயே பெரிய எழுத்தில், அவர் பெயரைச் சொல்லி, அவரைக் கொன்றது யார் என்று ஆங்கிலத்தில் யாரோ எழுதினார்கள். அந்த எழுத்தை அதிகாரிகள் அவசர அவசரமாக அழித்தார்கள். உயிரைப் பறித்த வளைவு எத்தனையோ நாள் சாலையை மறித்து நின்றது. அதைப் பற்றிக் கேட்ட ஒரு வாக்கியத்துக்கு ஒரு நாள்கூட ஆயுள் இல்லை.

இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கணக்கு புரிகிறது. பொது இடத்தின் அழகு கெடுகிறது, போக்குவரத்துக்கு இடைஞ்சல், அனுமதி இல்லை என்று அதிகாரம் சொல்கிற காரணங்கள் எல்லாம் சட்டப் புத்தகத்தில் இருப்பவைதான். திறந்தவெளி இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959 முதல் நம் மாநிலத்தில் தனிச் சட்டமே இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் எப்போது விழித்துக்கொள்ளும், எப்போது தூங்கும் என்பதை எழுத்தின் அளவோ ஆபத்தோ தீர்மானிப்பதில்லை. எழுதியவரின் இடம் தீர்மானிக்கிறது. வணங்குகிற எழுத்து நிற்கும், கேட்கிற எழுத்து அழியும்.

தமிழ்நாட்டு அரசியலுக்கே பெயர்ப்பலகையோடு நெருங்கிய உறவு உண்டு. 1952 ஆகஸ்ட் 1 அன்று ரயில் நிலையப் பலகைகளில் இருந்த இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழிக்கச் சொன்னார் பெரியார். அடுத்த ஆண்டு ஜூலையில், டால்மியாபுரம் என்ற ரயில் நிலையப் பலகைமேல் 'கல்லக்குடி' என்று எழுதிய தாளை ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தார் கருணாநிதி. சிறைக்கும் போனார். தாளை ஒட்டியது அன்று குற்றம். ஒட்டியவர்கள் ஆட்சிக்கு வந்த பிறகு ஊரின் பெயர் கல்லக்குடி என்றே ஆனது. பலகையில் இருக்கும் ஒரு சொல்லுக்காகச் சிறைக்குப் போவது இந்த மண்ணில் புதிதில்லை. ஆனால் அந்தக் கதைகளை நமக்குச் சொல்லும்போது தார்ச்சட்டியும் தூரிகையும் எப்போதும் ஆண்கள் கையில்தான் இருக்கும். ஏணி வைத்து ஏறியவரும் ஆண், கைதானவரும் ஆண், வரலாறு எழுதியவரும் ஆண்.

பெண்கள் தெருவில் எழுதிய வரலாறு வேறு இடங்களிலும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் வாக்குரிமை கேட்ட பெண்கள் நடைபாதைகளில் சாக்குக்கட்டியால் கூட்ட அறிவிப்புகளை எழுதினார்கள். சுவரொட்டி அச்சடிக்கப் பணம் வேண்டும், சாக்குக்கட்டி மலிவு. நடைபாதையை மறித்தார்கள் என்று அவர்கள்மேல் வழக்கு வந்தது. குனிந்து எழுதுகிற ஒரு பெண் எவ்வளவு இடத்தை மறித்துவிட முடியும்? பெசன்ட் நகர்க் கோலம் நடந்த அதே 2019இல், ஆகஸ்ட் இறுதியிலிருந்து, பாரிஸ் நகரச் சுவர்களில் இரவோடு இரவாக வெள்ளைத் தாள்கள் ஒட்டப்பட்டன. ஒரு தாளில் ஓர் எழுத்து, கறுப்புச் சாயத்தில். எல்லாம் சேர்ந்தால் ஒரு வாக்கியம். கணவனாலோ காதலனாலோ கொல்லப்பட்ட பெண்களின் பெயர், வயது, எப்படிக் கொல்லப்பட்டார் என்ற விவரம். பசை வாளியோடு போன பெண்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. தாள்கள் கிழிக்கப்பட்டன. கிழித்த இடத்தில் மறுபடி ஒட்டினார்கள். குடும்ப வன்முறை பற்றிய தேசிய ஆலோசனையை அந்த நாட்டின் அரசு செப்டம்பர் 3 அன்று தொடங்கியபோது, சுவர்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தன.

சாக்குக்கட்டி, தாள், பசை, மாவு. பெண்கள் எடுத்த பொருட்கள் எல்லாமே வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ கிடைப்பவை. எல்லாமே தண்ணீர் பட்டால் போய்விடுபவை. அதற்கும் வழக்கு, அதற்கும் அபராதம்.

கோலத்துக்கு வருகிறேன். பெசன்ட் நகர்க் கைதுக்குப் பிறகு கோலத்தைப் பெண் எதிர்ப்பின் வடிவமாகப் புகழ்ந்து பலர் எழுதினார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் கோலம் என்பது தினசரி வேலை. நான் வளர்ந்த சிற்றூரில், மார்கழி மாதம் நாலரை மணிக்கு எழுந்து, பனியில் சாணி தெளித்து, இடுப்பு ஒடிய வளைந்து புள்ளி வைப்பது அம்மாவின் வேலை, பிறகு என் வேலை. அண்ணன் போர்வைக்குள் இருப்பான். மாதத்தில் மூன்று நாட்கள் நாங்கள் வாசலைத் தொடக் கூடாது. அந்த மூன்று நாட்களில் வாசலில் வேறு கைக் கோலம் விழுந்தால், தெருவுக்கே செய்தி தெரிந்துவிடும். என் பாட்டி இருபத்தொரு புள்ளியில் சிக்குக் கோலத்தை ஒரே இழையில் போடுவார். தாத்தா இறந்த அன்றோடு அவர் வாசலுக்கு வருவது நின்றது. கைம்பெண் கை பட்ட கோலம் மங்கலம் இல்லையாம். கடைசிக் காலத்தில் என் பழைய நோட்டில் பென்சிலால் போட்டுக்கொண்டிருப்பார். ஊரின் இன்னொரு பக்கத்தில், எங்கள் தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க அனுமதி இல்லாத பெண்கள் இருந்தார்கள். அவர்கள் எங்கள் வாசலில் சாணியைக் கொண்டுவந்து கொட்டலாம். மாவைத் தொட முடியாது.

ஆக, கோலம் வெறும் அழகு என்றும் சொல்ல முடியாது, பெண்ணின் குரல் என்றும் சட்டென்று சொல்லிவிட முடியாது. எந்தப் பெண் சுத்தமானவள், எந்தப் பெண் சுமங்கலி, எந்தச் சாதிப் பெண் எந்த எல்லைவரை வரலாம் என்று ஊருக்கு அறிவிக்கும் பலகையாகத்தான் அது நெடுங்காலம் இருந்திருக்கிறது. பெசன்ட் நகரில் போட்டவர்களுக்கு அது தெரியாது என்று நான் நினைக்கவில்லை. நல்ல குடும்பத்துப் பெண் செய்கிற வேலை என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒன்றை எடுத்து, அதில் கேட்கக் கூடாத கேள்வியை எழுதியதால்தான் அது அத்தனை தூரம் போனது. தடி எடுக்க வந்த கை கொஞ்சம் தயங்கியதற்கும் அதுவே காரணம்.

கோலத்தில் எழுத்து எழுதுவதே தவறு என்று சிலர் வாதம் செய்தார்கள். அரசாங்கமே அதை நாள் தவறாமல் செய்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் மாவட்ட நிர்வாகங்கள் ஆட்சியர் அலுவலகத்திலும் பேருந்து நிலையத்திலும் வாக்காளர் விழிப்புணர்வுக் கோலம் போடச் சொல்கின்றன. நூறு சதவீதம் வாக்களிப்போம் என்று எழுதி, விரலில் மை வைத்த கையை வரைந்து, வண்ணப் பொடி நிரப்புவார்கள். போடுபவர்கள் யார்? மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள். வெயிலில் மணிக்கணக்கில் குனிந்து போடுவார்கள். ஆட்சியர் வந்து பார்வையிடுவார், படம் எடுத்துக்கொள்வார்கள், செய்தித்தாளில் வரும். டெங்கு ஒழிப்புக்கும் கோலம், பிளாஸ்டிக் ஒழிப்புக்கும் கோலம். அப்போது அது பொது இடத்தைக் கெடுப்பதில்லை, சட்டவிரோதக் கூட்டமும் ஆவதில்லை. பெண்களின் கை வேண்டும், முதுகு வேண்டும், மார்கழிப் பொறுமை வேண்டும். வாக்கியத்தை மட்டும் வேறு யாராவது கொடுப்பார்கள்.

2020 ஜனவரி முதல் வாரத்தில் எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நாற்பது வீடுகள் கொண்ட சாதாரண அப்பார்ட்மென்ட். கேட்டுக்கு உள்ளேயும் மாடிப்படி முகப்பிலும் தினமும் கோலம் போடுவது ஓர் அக்கா. தரை பெருக்குவது, குப்பை எடுப்பது, கோலம் போடுவது எல்லாம் சேர்த்து மாதச் சம்பளம். மார்கழிக்கு ஒரு சேலை. 2015 டிசம்பர் வெள்ளம்வரை அவர் குடும்பம் அடையாற்றுக் கரையில் இருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு அரசு அவர்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பியது. அங்கிருந்து விடியற்காலைப் பேருந்து பிடித்து வருவார்.

நான் அவரிடம், என் வீட்டு வாசலில் நானும் ஒரு கோலம் போடப் போகிறேன், அதில் எழுதப் போகிறேன் என்று சொன்னேன். எதைப் பற்றி என்று கேட்டார். சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், பாகிஸ்தான் என மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தாருக்குக் குடியுரிமை எளிதாகும், முஸ்லிம்களுக்கு ஆகாது, இலங்கையிலிருந்து வந்து இங்கே முகாம்களில் இருக்கும் தமிழர்களுக்கும் ஆகாது. பதிவேடு வந்தால் எல்லோரிடமும் ஆவணம் கேட்பார்கள்.

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"காயிதம் கேப்பாங்கன்னு எங்க பிளாக்லயும் பேசிக்கிறாங்க டீச்சரம்மா. வெள்ளத்துல ரேஷன் கார்டு, புள்ளைங்க பர்த்து சர்டிபிகேட்டு எல்லாம் பூடுச்சு. ரேஷன் கார்டு ஒண்ணு வாங்கவே ஒரு வருசம் அலஞ்சேன். எங்கம்மா எப்போ பொறந்துச்சுன்னு அதுக்கே தெரியாது."

"அப்ப நீங்களும் எழுதலாமேக்கா" என்றேன்.

"எழுதலாம்தான். நீ போட்டா உன்ன நாலு கேள்வி கேப்பாங்க, நீ பதில் சொல்லுவ. நான் போட்டா நாளைலேர்ந்து வராதன்னுடுவாங்க. நீ உன் வாசல்ல போடு. கீழ முகப்புல மட்டும் போட்டுறாத. அது நான் போடற எடம், என் தலையிலதான் விழும்."

அப்படியே செய்தேன். மூன்றாவது மாடியில், என் கதவுக்கு முன்னால் இரண்டடிக்கு இரண்டடி, ஓர் எட்டுப் புள்ளிக் கோலம், நடுவே 'வேண்டாம்' என்ற ஒரே சொல். பத்து மணிக்குச் சங்கச் செயலாளர் வந்தார். ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர், மழை நாளில் எல்லோர் வீட்டுக்கும் பால் வாங்கிவந்து தருபவர்.

"மேடம், கோலம் நம்ம கலாசாரம். அதுல அரசியலைக் கலக்காதீங்க. காரிடார் காமன் ஏரியா."

எங்கள் வெளிச் சுற்றுச்சுவரில், தெருவைப் பார்த்து, உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரின் பிறந்தநாள் ஃபிளெக்ஸ் இரண்டு வாரமாகக் கட்டியிருந்தது. அந்தச் சுவரும் பொதுச் சுவர்தானே, அதற்கு யாரிடம் அனுமதி கேட்டார்கள் என்று கேட்டேன்.

"அவங்ககிட்டப் போய் எப்படி மேடம் கேக்கறது?" என்றார். பொய் சொல்லவில்லை. பெருமையாகவும் சொல்லவில்லை. அவருக்கும் பயம்தான். ஆபத்தானவர்களின் எழுத்தைச் சகித்துக்கொண்டு, ஆபத்தில்லாதவர்களின் எழுத்தை அழிக்கச் சொல்வது அவருக்கு ஊரைப் பராமரிக்கும் வழியாகப் பழகிவிட்டது. நகரத்தின் கதையும் எங்கள் காரிடார் கதையும் வேறுவேறு இல்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

நான் அழிக்க மாட்டேன் என்றேன். மதியம் கீழே போனபோது, அக்காவைக் கூப்பிட்டு மூன்றாவது மாடியைக் கழுவிவிடச் சொல்லியிருந்தார்கள். அவர் வாளியோடு படியில் நின்றுகொண்டிருந்தார்.

"நீயே கழுவிடும்மா. என் கையால வேணாம்."

வாளியை நான் வாங்கிக்கொண்டேன். அவர் வேலைக்கு முன்னால் என் கோலம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை எழுப்பினேன். அலங்காரக் கோலம் மட்டும் போடலாம் என்று தீர்மானம் போட்டார்கள். எதிர்த்துக் கைதூக்கியவர்கள் மூன்று பேர், மூவரும் பெண்கள். ஃபிளெக்ஸ் பற்றிய தீர்மானத்தை யாரும் முன்மொழியவில்லை.

"என் கையால வேணாம்" என்ற சொல்லைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அந்தச் சட்டத்தாலும் பதிவேட்டாலும் யாருக்கு ஆபத்து அதிகம்? அகதி முகாமில் இருப்பவர்களுக்கு, முஸ்லிம்களுக்கு, பிறப்புச் சான்றிதழ் இல்லாத முதியவர்களுக்கு, கல்யாணமாகி ஊர் மாறி, பெயரும் மாறி, எந்த ஆவணத்திலும் அப்பா பெயரும் கணவன் பெயரும் ஒத்துப்போகாத பெண்களுக்கு, வெள்ளத்திலும் வெளியேற்றத்திலும் பெட்டியை இழந்தவர்களுக்கு. எழுத வேண்டிய காரணம் அதிகம் இருப்பவர்களுக்கு எழுதும் வாய்ப்பு குறைவு. கோலம் போடுவதே பிழைப்பாக இருக்கும் பெண்ணால் அந்தக் கோலத்தில் ஒரு சொல் சேர்க்க முடியவில்லை. ஆனால் அடுத்தவர் எழுதியதை அழிக்க மறுக்க முடிந்தது. அந்த மறுப்புக்கு அவர் கொடுத்திருக்கக்கூடிய விலை, நான் கோலம் போட்டதற்குக் கொடுத்ததைவிட அதிகம். கோலப் போராட்டத்தைப் பற்றி எழுதும்போது நாம் இதையும் சேர்த்து எழுத வேண்டும். பெசன்ட் நகரில் கைதானவர்கள் சில மணி நேரத்தில் வெளியே வந்தார்கள். 2020 பிப்ரவரி 14 இரவு வண்ணாரப்பேட்டையில் முஸ்லிம் பெண்களும் ஆண்களும் தெருவில் உட்கார்ந்தபோது தடியடி நடந்தது. பகுதிக்கும் மதத்துக்கும் வர்க்கத்துக்கும் ஏற்பப் போலீஸின் கை மாறுகிறது. அதை மறந்துவிட்டு 'பெண்கள்' என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதில் பயனில்லை.

வண்ணாரப்பேட்டைப் பெண்கள் அந்த இரவுக்குப் பிறகும் எழுந்து போகவில்லை. டெல்லி ஷாஹீன் பாகில் பெண்கள் டிசம்பர் நடுவிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பகுதியிலும் ஜாமியா மில்லியாவின் சுவர்களிலும் ஓவியங்களும் வாசகங்களும் நிறைந்திருந்தன. 2020 மார்ச் 24 அன்று, கொரோனா ஊரடங்கைக் காட்டி ஷாஹீன் பாகைக் காலி செய்தது போலீஸ். அந்த நாட்களிலேயே ஜாமியா பக்கத்துச் சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். நோய் பரவுவதற்கும் சுவரில் இருக்கும் ஓவியத்துக்கும் என்ன தொடர்பு? ஊரே வீட்டுக்குள் இருக்கும்போது, பார்க்க ஒருவரும் இல்லாத தெருவிலும் அந்த எழுத்து இருக்கக் கூடாது என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. எழுத்தின் வலிமைக்கு அதைவிடச் சான்று எதற்கு?

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2021 செப்டம்பர் 8 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் அந்தச் சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் விதிகளை அறிவித்து அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கோலத்தால் சட்டம் போய்விடவில்லை. அப்படிப் போய்விடும் என்று அதைப் போட்ட யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இப்போது முதலாம் ஆண்டு மாணவிகளுக்கு நான் ஒரு பயிற்சி கொடுக்கிறேன். வீட்டிலிருந்து கல்லூரிவரை வரும் வழியில் கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள், யார் வைத்தது, யாரைப் பற்றியது, யார் அனுமதித்தது என்று பக்கத்தில் குறியுங்கள் என்பேன். சினிமா போஸ்டர், கட்சித் தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, பயிற்சி மையம், ஜோசியர், மூலம் பௌத்திரம், சாதிச் சங்க மாநாடு. பெண்களின் முகம் இல்லாமல் இல்லை. நகைக்கடைப் பலகையில் இருக்கிறது, சேலைக்கடைப் பலகையில் இருக்கிறது. மஞ்சள் நீராட்டு விழா பேனரில் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் முகம் ஆளுயரத்துக்கு இருக்கிறது, கீழே தாய்மாமன்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா என்ற கேள்வி வரும்போது வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். எத்தனையோ பேர் அந்த பேனரில் இருந்துவிட்டு வந்தவர்கள்.

பெண்ணைக் காட்டுகிற பலகை ஏராளம், பெண் எழுதிய பலகை எத்தனை என்பதுதான் அடுத்த கேள்வி. பெரும்பாலும் நோட்டில் அந்தப் பகுதி காலியாக இருக்கும். சென்ற ஆண்டு ஒரு மாணவி இரண்டு குறித்துவந்தாள். ஒன்று, பேருந்து நிறுத்தத்தில் பூ விற்கும் அம்மா தன் இடத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரில் கரித்துண்டால் எழுதியது: 'இங்கு சிறுநீர் கழிக்காதீர். நான் இங்கு உட்காருகிறேன்.' மாநகராட்சி இரண்டு முறை வெள்ளையடித்தும் மறுபடி எழுதியிருக்கிறார். இரண்டாவது, அந்த மாணவியின் விடுதிக் குளியலறைக் கதவின் உள்பக்கம், இரவு எட்டு மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற விதியைப் பற்றி யாரோ ஒருத்தி எழுதிய நான்கு வரிகள்.

"இது பொது இடம் ஆகுமா மேம்?" என்று கேட்டாள்.

வகுப்பில் ஒரு மணி நேரம் அதைத்தான் விவாதித்தோம்.